பச்சைக் கோடும் மச்சான் காதும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போதும் வரும்; ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபத்தாறு வயதில், இன்னும் சுருக்காக வரும். அதிலும் நான் செய்த வேலையில் யாராவது குற்றம் சொல்லிவிட்டால் போதும். சூடான சாலிடரிங் அயர்னைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்படாதே என்று மதுரையில் ரேடியோ ரிப்பேர் படித்த இடத்தில் வாத்தியார் சொல்வார். அந்த ஒரு பாடத்தை மட்டும் நான் படிக்கவே இல்லை. வலது கை கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

மண்டபத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் எங்கள் ஊர். மாதா கோயில், சுற்றிலும் ஓலை வீடுகள், பனைகள், அப்புறம் கடல். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். நான் ஒருவன்தான் பள்ளிக்கூடம் முடித்து, மதுரைக்குப் போய் வால்வும் கண்டென்சரும் படித்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவன். மீன்களைப் பற்றி ஆராய்வதற்கென்று ஊர்க்கோடியில் ஒரு சின்ன அலுவலகம் திறந்தார்கள். அதில் எனக்கு மெக்கானிக் வேலை கிடைத்தது. மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், நான், ஒரு வாட்ச்மேன், ஆக மூன்று பேர். ஓட்டுக்கட்டடம் ஒன்று, கடலுக்குள் நீளும் மரத்துறை ஒன்று, அதில் கட்டிக்கிடக்கும் மோட்டார்ப் படகு ஒன்று. கரண்ட் அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தது.

அந்த அலுவலகத்துக்கு ஒரு நாள் ரயிலில் பெரிய மரப்பெட்டி வந்தது. மண்டபம் ஸ்டேஷனில் இறக்கி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினோம். "உள்ள என்னய்யா இருக்கு?" என்றார் வண்டிக்காரர். "ஆஸிலோஸ்கோப்" என்றேன். கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு, "கடிக்குமா?" என்று கேட்டார்.

கடிக்கும்தான். உள்ளே இரண்டாயிரம் வோல்ட் இருந்தது. ஆனால் நான் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அதையெல்லாம் அவருக்கு விளக்கவில்லை. படத்தில் மட்டுமே பார்த்திருந்த பொருள் என் மடிமேல் சாய்ந்தபடி வந்துகொண்டிருந்தது. கல்யாணத்தன்றுகூட நான் அப்படி உட்கார்ந்து வரவில்லை என்று என் மனைவி பிற்காலத்தில் சொல்வாள். அவள் சொன்னது சரிதான்.

அது என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. மீட்டர் முள்ளை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் ஒரு நொடிக்குள் நூறு தடவை ஏறி இறங்குகிற கரண்ட்டை முள் எப்படிக் காட்டும்? அது பாவம், நடுவில் நின்று நடுங்கும். ஆஸிலோஸ்கோப்பில் முள் கிடையாது. நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்று படுத்த வாக்கில் இருக்கும். அதன் பின்முனையில் சூடேறிய இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, மெல்லிய கற்றையாக ஓடிவந்து முன்பக்கக் கண்ணாடியில் மோதும். கண்ணாடியின் உட்புறம் ஒரு பொடி பூசியிருப்பதால், மோதிய இடத்தில் பச்சையாக ஒரு புள்ளி தெரியும். வழியில் இரண்டு ஜோடித் தகடுகள். ஒரு ஜோடி, நாம் கொடுக்கிற மின்சாரம் ஏறினால் புள்ளியை மேலே இழுக்கும், இறங்கினால் கீழே தள்ளும். இன்னொரு ஜோடி, இடமிருந்து வலமாக ஒரே சீரான வேகத்தில் புள்ளியை நடத்திக்கொண்டு போகும். ஓரம் தொட்டதும் சட்டென்று பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விட்டு, திரும்ப நடத்தும்.

பாய்மரத்தின் உச்சியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு படகு நேராகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு முன்னே போகும்; அலையில் விளக்கு ஏறி இறங்கும். கரையில் நிற்பவனுக்கு விளக்கு போன வழி அலையாகத் தெரியும். அவ்வளவுதான் விஷயம். புள்ளி போகிற வேகத்தில் நம் கண்ணுக்கு அது புள்ளியாகத் தெரியாமல் கோடாகத் தெரியும்.

முகப்பில் சென்டிமீட்டர் கட்டங்கள் போட்டிருக்கும். ஒரு கட்டம் உயரம் எத்தனை வோல்ட், ஒரு கட்டம் அகலம் எவ்வளவு நேரம் என்று குமிழ்களில் நாமே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் கட்டத்தை எண்ணினால் கணக்கு வந்துவிடும். ஓர் அலைக்கு எத்தனை கட்டம் பிடிக்கிறது என்று பார்த்தால், நொடிக்கு எத்தனை அலை என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மானம் போனது அதில்தான். புள்ளி ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அலையின் அதே இடத்திலிருந்து வரைய ஆரம்பித்தால்தான், கோட்டின்மேல் கோடு விழுந்து படம் நிற்கும். இல்லாவிட்டால் படம் நழுவி ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கென்று தனியாக ஒரு குமிழ் உண்டு. அதில் ஒரு நிலை, உள்ளே வரும் அலையையே பார்த்து, அது ஏறத் தொடங்கும் இடத்தில் வரையத் தொடங்கும். எந்த அலையையும் பிடித்து நிறுத்திவிடும். இன்னொரு நிலைக்கு ‘லைன்’ என்று பெயர். அது வருகிற அலையைப் பார்க்காது. சுவரிலிருந்து வரும் கரண்ட்டின் தாளத்துக்கு மட்டும் வரையும். அந்தக் கரண்ட்டோடு உறவுள்ள அலைதான் அதில் நிற்கும், மற்றதெல்லாம் ஓடும். நான் முதல் நிலையிலேயே வைத்திருந்தேன். ‘லைன்’ பக்கம் போனதே இல்லை.

அதிகாரிக்கு வேண்டியிருந்தது மீன்களின் சத்தம். தண்ணீருக்குள் சத்தம் கேட்கும் ஒரு கருவியை, நாங்கள் தண்ணி மைக் என்று சொல்வோம், துறையின் நுனியில் தொங்கவிட வேண்டும். அதிலிருந்து ரப்பர் உறை போட்ட வயர் கட்டடத்துக்குள் வந்து, ஆம்ப்ளிஃபயரில் பெருகி, ஆஸிலோஸ்கோப்பில் கோடாக வரும். எந்த மீன் எப்போது என்ன சத்தம் போடுகிறது என்று கண்டுபிடித்தால் மீனவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று அவர் நினைத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் கரையில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார் என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஆள் என் அக்காவின் கணவர்.

கத்தாளை என்று ஒரு மீன். பெயருக்கேற்றபடி கத்தும். கூட்டமாக வந்தால், அதுவும் அந்தி நேரத்தில், தண்ணீருக்கடியில் தவளைக் கச்சேரிதான். எங்கள் ஊரில் ஐந்து வத்தைகள், அதாவது சின்னப் பாய்ப்படகுகள், ஒரு கூட்டாகப் போகும். ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஒருவர்தான் காது வைப்பார். மற்ற நான்கும் தூரத்தில் நின்றுவிடும். யாரும் பேசக்கூடாது, பலகையில் கால் உரசக்கூடாது. காது வைப்பவர் துடுப்பை நட்டமாகத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். மீன் சத்தம் துடுப்பு வழியாக ஏறிவரும். அவர் கையைத் தூக்கினால் எல்லாரும் வலையை இறக்குவார்கள். அவர் கை தூக்கிய பிறகு இன்னொருவன் துடுப்பில் காது வைத்துப் பார்க்கக் கூடாது. அது அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

மச்சான்தான் எங்கள் கரைக்குக் காது. வாலிபத்தில் சங்கு குளிக்கப் போய் இடது காது மந்தமாகிப் போனவர். மிச்சமிருந்த ஒரு காதை வைத்துக்கொண்டு பத்து வருஷமாக ஐந்து வத்தைகளுக்கும் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கறுத்து, நெடுநெடுவென்று, சட்டை போடாமல், எப்போதும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டே இருப்பார். நான் ஆஸிலோஸ்கோப்பைப் பெருமையாகக் காட்டியபோது, குனிந்து பார்த்துவிட்டு, "பச்சப் புழு நெளியுது மாப்ள. மருந்து அடிச்சு விடு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை.

இப்போது எர்த் கதைக்கு வருகிறேன். மின்கருவிகளின் இரும்பு உடம்பிலிருந்து ஒரு கம்பி பூமிக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் தொட்டவனைச் சுரீரென்று அடிக்கும், கோடும் சுத்தமாக வராது. குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, செம்புத் தகட்டைப் புதைப்பார்கள். ஈரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். எங்கள் மணலில் ஈரம் ஏது? ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும். நான் தினமும் காலையில் கடலிலிருந்து நான்கு குடம் தண்ணீர் சுமந்து அந்தக் குழியில் ஊற்றினேன். அக்கா வழியில் நின்று சிரித்தாள். "ஏலே, கடல் தண்ணியக் கொடத்துல சுமக்குற மொத ஆளு நீதாம்லே. படிச்சவன்னா இப்பிடித்தான் இருப்பாகளா?"

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. கடலைச் சுமந்து கம்பியிடம் கொண்டுவருவானேன்? கம்பியைக் கடலுக்குக் கொண்டுபோனால் என்ன? கடலைவிட ஈரமான பூமி எங்கே இருக்கிறது? அன்றே தகட்டைத் தோண்டியெடுத்து, நீளமான கம்பி போட்டு, மரத்துறையின் காலடியில் கடலுக்குள் இறக்கிவிட்டேன். கட்டடத்தில் எதைத் தொட்டாலும் அடிக்கவில்லை. அதிகாரி தட்டிக் கொடுத்தார். "மெட்ராஸில் இருக்கிற எவனுக்கும் இது தோன்றியிருக்காதய்யா" என்றார். உண்மைதான், தோன்றியிருக்காது. கடலோரத்தில் பிறந்தவனுக்குத்தான் அப்படி ஒரு தப்பு செய்யத் தோன்றும். தகடு கிடந்த இடத்துக்கும் தண்ணி மைக் தொங்கிய இடத்துக்கும் இடையில் இருபது முழம் கூட இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், முதல்முறையாக அந்தி நேரத்தில் கருவியின் முன் உட்கார்ந்திருந்தேன். சூரியன் மேற்கே பனைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அதுவரை நூல் பிடித்தாற்போல் கிடந்த பச்சைக் கோடு திடீரென்று எழுந்து அலையாகியது. கட்டம் எண்ணினேன். ஓர் அலைக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு. அப்படியென்றால் நொடிக்கு நூறு அலை. அதிகாரி ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். கத்தாளை வகை மீன்களின் சத்தம் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும் என்று போட்டிருந்தது. நேரமும் அந்தி நேரம். வேறென்ன வேண்டும்? அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதிகாரிகள் மெக்கானிக்கின் கையைப் பிடிக்கிற காலமல்ல அது.

நான் அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். மச்சான் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், எங்க துறைக்குப் பக்கத்துல கத்தாளை நிக்கிது. சாயங்காலம் வந்துருது. நான் கண்ணால பாத்தேன்."

"கண்ணால பாத்தியா? மீனையா?"

"மீனோட சத்தத்தை."

"சத்தத்தக் கண்ணால பாத்தவன் ஊர்லயே நீ ஒருத்தந்தான் மாப்ள" என்று சிரித்தார். சிரித்தாரே ஒழிய, கையிலிருந்த ஈயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நெசமாவா?"

"தப்பா இருந்தா எம் பேர மாத்தி வச்சுக்கங்க" என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து வத்தைகளும் எங்கள் துறைக்குப் பக்கத்தில் வந்தன. நான் ஜன்னல் வழியாக ஒரு கண், ஆஸிலோஸ்கோப்பில் ஒரு கண் என்று உட்கார்ந்திருந்தேன். பச்சைக் கோடு சொன்ன நேரத்துக்கு எழுந்தது. வெளியே மச்சான் துடுப்பை இறக்கிக் காது வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு கையைத் தூக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கருவி சொன்னதையே அவர் காதும் சொல்கிறது!

வலையில் ஒன்றும் இல்லை. நாலைந்து நண்டும் கொஞ்சம் பாசியும்தான் வந்தன. முதல் நாள் அப்படித்தான் இருக்கும், கூட்டம் நகர்ந்திருக்கும் என்றேன். வியாழக்கிழமையும் மச்சான் காது வைத்தார், கை தூக்கினார், வலை காலி. வெள்ளிக்கிழமையும் அதே கதை. மூன்று நாள் ஐந்து வீட்டிலும் மீன்பாடு இல்லை. மற்ற ஊர் வத்தைகள் அதே நாட்களில் தெற்கே போய் நல்ல மீன்பாட்டோடு திரும்பி வந்திருந்தன.

வெள்ளிக்கிழமை கரையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் பெட்டியை யார் நம்பினார்கள், சொல்வதற்கு? மச்சான் கை தூக்கினார், அவரை நம்பித்தான் வலை விட்டார்கள். "அண்ணனுக்கு ஒரு காது முன்னமே போச்சு. இன்னொன்னும் போயிருச்சு போலருக்கு" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூடிப் பேசி, காது வைக்க வேறு ஆளைப் போடுவது என்று முடிவாகியிருந்தது. ஒருமுறை மாற்றிவிட்டால் மாற்றினதுதான். காது வைப்பவராக இருந்தவர் அப்புறம் மற்ற வத்தைகளோடு தூரத்தில் நின்று, இன்னொருவன் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மச்சானுக்கு அதைவிடக் கடலுக்குப் போகாமல் இருப்பது நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். "ஏலே தம்பி, உங்க மச்சான் மூணு நாளா ஒரு மாதிரியா இருக்காக. கேலி பேச மாட்டேங்குறாக. சோறு வச்சா ‘ம்’ங்கிறாக. நீ சொல்லித்தானலே அங்கன போனாக?" என்றாள். எனக்கு வந்ததே கோபம். என் கருவி பொய் சொல்லாது, வலை போடத் தெரியாதவர்கள் வலையைப் போட்டுவிட்டுக் கருவியைக் குறை சொல்கிறீர்களா என்று கத்தினேன். அவள் எழுந்து போய்விட்டாள். அவள் குறையே சொல்லவில்லை என்பது அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் ஆத்திரத்தோடுதான் கருவியின் முன் உட்கார்ந்தேன். கோடு எழுந்தது. அழகான, ஒரே சீரான அலை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், பத்து நிமிஷம், ஒரே உயரம், ஒரே அகலம். இத்தனை மீன்களில் ஒன்றுகூட மூச்சு விடாதா, நிறுத்தாதா என்று முதல்முறையாகத் தோன்றியது. எரிச்சலில் இருக்கிற குமிழையெல்லாம் திருப்ப ஆரம்பித்தேன். உயரக் குமிழ், நேரக் குமிழ், அப்புறம் அந்தக் கடைசிக் குமிழ். அது ‘லைன்’ நிலையில் போய் விழுந்தது.

படம் ஓடியிருக்க வேண்டும். கடலில் இருக்கிற மீனுக்கும் சுவரில் வருகிற கரண்ட்டுக்கும் என்ன உறவு? ஆனால் அலை அசையவே இல்லை. ஆணி அடித்த மாதிரி நின்றது.

கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை சுற்றும். அதன் இரட்டிப்பு நூறு. இது ரேடியோ படிக்கிறவனுக்கு முதல் மாதப் பாடம். பேட்டரி சார்ஜருக்குள் போகிற ஐம்பது, நூறாகத்தான் வெளியே வரும். எழுந்து பின்பக்க அறைக்குப் போனேன். வாட்ச்மேன் வழக்கம்போல் அந்தி சாய்ந்ததும் மோட்டார்ப் படகின் பேட்டரியைச் சார்ஜில் போட்டிருந்தார். உப்புக்காற்றில் துருப்பிடித்த சார்ஜர். ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். பச்சைக் கோடு செத்த பாம்பாய்ப் படுத்துக் கிடந்தது. திரும்பப் போய்ப் போட்டேன். எழுந்தது. அணைத்தேன். படுத்தது. ஐந்து தடவை செய்தேன். ஒரே தடவையில் புரிந்ததை ஒப்புக்கொள்ள ஐந்து தடவை ஆயிற்று.

சார்ஜரிலிருந்து கசிந்த மின்சாரம், நான் போட்ட எர்த் கம்பி வழியாக, நான் இறக்கிய தகட்டிலிருந்து, கடலுக்குள் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் நான் தொங்கவிட்ட மைக் அதை அப்படியே பிடித்து எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. கருவி ஒரு பொய்யும் சொல்லவில்லை. கட்டத்துக்குக் கட்டம் சரியாக அளந்துதான் காட்டியது. எதை அளக்கிறேன் என்று கேட்காதவன் நான்தான்.

அதிகாரியிடம் சொன்னேன். அறிக்கை எழுதிப் பாதிவரை வந்திருந்தார். பேனாவை மூடிவைத்தார். "தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் சொன்னாயே" என்றார். "திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தத் தகட்டை வெளியே எடு." அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த நல்ல மனுஷர் இரண்டு அதட்டு அதட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு மனம் நிற்கவில்லை. மூன்று நாள் ஐந்து வீட்டு மீன்பாட்டைக் கெடுத்தவன் நான் என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். செருப்புப் போட்டவன் தோற்றால் ஊருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி நினைத்தேன். எனக்கு நேர் முன்னால் மச்சான் முழங்காலில் நின்றிருந்தார். நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், கொடுக்க மணி அடித்தபோது அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது காதை மணிப் பக்கம் திருப்பினார். ஏன் அப்படிச் செய்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கோயிலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் ஐந்து வத்தைக்காரர்களும் உட்கார்ந்தார்கள். மூத்தவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யாரும் தப்பா நெனைக்கக் கூடாது..." என்று ஆரம்பித்தார். மச்சான் தோளில் கிடந்த துண்டை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து வருஷம் எல்லாரையும் கேலி பேசிய மனுஷர் அப்படித் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் பேசணும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

எல்லாம் சொன்னேன். தகடு, சார்ஜர், கசிவு, பச்சைக் கோடு. பாதி பேருக்குப் புரிந்திருக்காது. அதனால் கடைசியில் புரிகிற மாதிரியே சொன்னேன். "அங்கன மீனே கெடையாது. மூணு நாளும் கெடையாது. கரண்ட்டத்தான் நான் மீனுன்னு சொன்னேன். தப்பு என்னோடது. மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல."

யாராவது சிரிப்பார்கள், அதற்காவது நான் கோபப்படலாம் என்று காத்திருந்தேன். மூத்தவர் மச்சானைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அப்ப நீ எதக் கேட்டுப்புட்டுடா கையத் தூக்குன?"

நான் அதை யோசிக்கவே இல்லை. மீன் இல்லை. மச்சான் துடுப்பில் காது வைத்தார். என்னதான் கேட்டிருப்பார்?

மச்சான் தலையைத் தூக்கி என்னைத்தான் பார்த்தார், மூத்தவரைப் பார்க்கவில்லை.

"மூணு நாளும் ஒண்ணுமே கேக்கல மாப்ள" என்றார். "நீ கண்ணால பாத்தேன்னு சொன்ன. படிச்சவன், பொய் சொல்ல மாட்ட. மீன் இருக்கு, எனக்குத்தான் கேக்கலன்னு நெனச்சேன். இந்தக் காதும் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். உங்க அக்காகிட்டக்கூடச் சொல்லல. கோயில் மணி கேக்குதான்னு பாத்தேன், அது கேட்டுச்சு. அப்பயும் எனக்கு நம்பிக்கை வரல."

பிறகு எழுந்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

"அப்ப அங்கன மீன் இல்ல."

"இல்ல மச்சான்."

"சத்தமும் இல்ல."

"இல்ல."

"அப்ப நான் கேட்டது சரிதானலே!" என்று கத்தினார். "ஒண்ணும் கேக்கலன்னு கேட்டேன் பாத்தியா, அது சரிதான! ஏலே, எனக்குக் காது நல்லா இருக்குலே!"

பூவரச மரத்தடியே சிரித்தது. மூத்தவர் எழுந்து மச்சானின் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டார். சத்தம் கேட்காமலே கை தூக்கியதற்கு அது தண்டனை; வேறு ஆள் பேச்சு அத்தோடு முடிந்தது. என்னை யாருமே ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் ஒரு மனுஷர் தன் காதை விட்டுவிட்டு என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது. கோயில் வாசல், ஞாயிற்றுக்கிழமை, ஊர் மொத்தமும் நிற்கிறது, நான் அழுதேன்.

மச்சான் வந்து என் கழுத்தைக் கையால் வளைத்துக்கொண்டார். "எதுக்குலே அழுற? போயி அந்தப் பொட்டிக்கு நல்லாக் காதக் கொடஞ்சு விடு" என்றார். சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டே அக்கா வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் எதிரே வந்தவர்களிடம் சின்னக் குரலில் ஏதாவது பேசச் சொல்லி, அவர்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார்.